டிராலிக் கூண்டில் கட்டிய நோட்டீஸ்

ஞாயிறு, 3 ஜூன் 2007

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட லுங்கி மூன்றாம் நம்பர் வீட்டு வாசலில் கிடந்தது.

கூண்டு முடிந்தது. கம்பெனியில் கழித்துப் போட்ட துணி டிராலி. நான்கு பக்கமும் கம்பி வலை, அடியில் சக்கரம். மேனேஜரிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போப்பா, இடத்த அடைக்குது" என்றார். மூடி மட்டும் நான் அடித்தது. ஒரு சக்கரம் சுற்றவில்லை, பேரிங் மாற்றினேன். இப்போது ஒரு விரலால் தள்ளலாம். வெயிலுக்கு நிழல் பக்கம், காற்றுக்குச் சுவர்ப் பக்கம். அருள்புரத்தில் இப்படி ஒரு கோழிக்கூண்டு யாரிடமும் இருக்காது.

எதற்கு இந்த வேலை என்று பின்னால் மறந்துவிடக் கூடாது. அதனால் எழுதுகிறேன். பாப்பா (தர்ஷினி, இரண்டரை வயது) எடை 9.6. அங்கன்வாடி டீச்சர் அட்டையில் புள்ளி வைத்தார். கோட்டுக்குக் கீழே. போன மாதமும் கீழே. "தினம் ஒரு முட்டை குடுங்க, அடுத்த மாசம் அஞ்சாம் தேதி பார்க்கலாம்" என்றார். கடை முட்டையைக் கொடுத்தால் துப்புகிறாள். அவள் அம்மா கவிதா மோந்து பார்த்துவிட்டு, "கொழந்தை சொல்றது சரிதானுங்க, நாத்தம்" என்றாள். எத்தனை நாள் முட்டையோ. லாட் நம்பர் இல்லாத சரக்கு.

முடிவு: நாமே உற்பத்தி.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டேன். "கோழி வெச்சுக்கங்க, வேண்டாங்கல. சேவல் மட்டும் ஆகாதுங்க தம்பி. மூணாம் நம்பர்ல நைட் ஷிஃப்ட்டுப் பசங்க. வெடியக்காலம் வந்து படுக்கறாங்க. கூவுச்சுன்னா கொழம்பு வெச்சிருவாங்க."

சேவல் எனக்கும் வேண்டாம். முட்டைக்கு அது தேவையில்லை. இதை லைன் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

செவ்வாய், 5 ஜூன்

கோழி வந்தாயிற்று. பெட்டை நான்கு, நாட்டுக்கோழி. காங்கேயம் ரோட்டில் ஒரு தோட்டம். விற்ற அம்மா, "இன்னும் பத்து நாள்ல இட்டுருமுங்க" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கோழியைத் திருப்பிக் கொண்டையைக் காட்டினார். "செவக்குது பாருங்க. வேற என்னத்தப் பாக்கோணும்?"

சரி. ஒத்துக்கொள்ளக்கூடிய அளவுகோல்தான்.

நூல் கோன் வருகிற அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வண்டியில் கொண்டுவந்தேன். எது இடுகிறது, எது இடவில்லை என்று தெரிய அடையாளம் வேண்டும். ஹேங்கரில் மாட்டுகிற சைஸ் கிளிப் கவிதாவின் கம்பெனியில் கிடைத்தது. ஆளுக்கொன்று காலில்.

எஸ் – கறுப்பு
எம் – செம்பழுப்பு
எல் – புள்ளி போட்டது
எக்ஸெல் – கழுத்தில் இறகில்லாதது

உருவத்தில் எஸ்தான் பெரியது. கவிதா சிரித்தாள். "சைஸ் மாத்தி லேபிள் போட்டா எங்க செக்கிங்ல மூஞ்சி மேல எறிவாங்க." பாப்பாவுக்குப் புள்ளிக்கோழிதான் பிடித்திருக்கிறது. எல்லு, எல்லு என்று வலையைப் பிடித்துத் தொங்கினாள்.

வெள்ளி, 8 ஜூன்

கம்பு, மக்காச்சோளக் குருணை, கீரைத்தண்டு, கிளிஞ்சல் தூள். அளவு எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். கவிதா பார்ப்பதில்லை, கண்ணளவில் போடுகிறாள்.

முட்டையிடும் பெட்டி: கோன் அட்டைப்பெட்டி இரண்டு, படுக்கவைத்து. உள்ளே மெத்தைக்கு நூல் வேஸ்ட். பனியன் துணி பின்னுகிற எங்கள் நிட்டிங்கில் தினம் ஒரு கோணி விழுகிறது. பஞ்சு மாதிரி இருக்கிறது, சுத்தம், செலவில்லை. "வைக்கோல் போடலாமுங்க" என்றாள் கவிதா. வைக்கோலுக்கு எங்கே போவது? இந்த ஊரில் விளைவது நூல் வேஸ்ட்தான்.

நாங்கள் இருவரும் காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டு. நான் மிஷின் மெக்கானிக், அவள் ஓவர்லாக் டெய்லர். பகலில் பாப்பா, ஐந்தாம் நம்பர் செல்லத்தாய் அக்காவிடம். அக்கா கோவில்பட்டிப் பக்கம். அவர் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில். அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார். தைத்து வருகிற டி-ஷர்ட்டில் தொங்குகிற நூலைக் குட்டிக் கத்தரியால் வெட்டி அடுக்குவது. ஒரு கை வெட்டும், ஒரு கை பாப்பாவைப் பிடித்துக்கொள்ளும், வாய் லைன் முழுவதையும் விசாரிக்கும்.

இன்று கூண்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சக்கரம் வச்ச கோழிக்கூண்டு இப்பத்தான் பாக்கேன் தம்பி. ஸ்டேரிங் எங்க?" என்றார்.

புதன், 13 ஜூன்

முதல் முட்டை. எம். காலை 7.10.

கம்பெனிக்குக் கொண்டுபோய், துணியின் எடை (ஜி.எஸ்.எம்.) பார்க்கிற தராசில் வைத்தேன். 41 கிராம். சூப்பர்வைசர் வந்து, "இது எந்த பார்ட்டி ஆர்டர்?" என்றார். என் பார்ட்டி என்றேன். ஏழாம் மிஷின் துணியில் ஊசிக்கோடு விழுகிறது, முட்டையை நிறுத்துப் பார்க்க நேரமிருக்கிறதா என்றார். ஊசி மாற்றச் சொல்லி மூன்று நாளாகிறது, வாங்கிக் கொடுக்காமல் என்னைக் கேட்காதீர்கள் என்றேன். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. உள்ளதைச் சொன்னால் எல்லாருக்கும் முகம் இப்படித்தான்.

முட்டை உடையாமல் திரும்பி வந்தது. நாளை பாப்பாவுக்கு.

வியாழன், 14 ஜூன்

இரவு வந்து கேட்டேன். முழு முட்டையும் சாப்பிட்டாளாம். "எப்படி ஊட்டுனீங்க?" "அதெல்லாம் எங்களுக்குள்ள தொழில் ரகசியம்" என்றார் செ. அக்கா.

ஞாயிறு, 17 ஜூன்

காற்று இன்னும் பலம். கூண்டின் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தேன். இல்லையென்றால் தானே பல்லடம் போய்விடும்.

நேற்றுவரை முட்டை 7. எம் 3, எஸ் 2, எல் 2. எக்ஸெல் சும்மா தின்கிறது.

திறந்துவிட்டபோது எல் ஒரு நீள நூலை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. மண்புழு என்று நினைப்பு போல. மற்ற மூன்றும் பின்னால் துரத்தின. பாப்பா உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பல நாளாயிற்று. கன்னத்தில் சதை விழுந்திருக்கிறதா? கவிதா ஆமாம் என்கிறாள். தராசு இல்லாமல் நான் எதுவும் சொல்வதற்கில்லை.

தண்ணீர் இன்று வரவில்லை. நாளை வரலாம்.

வெள்ளி, 22 ஜூன்

எல் மூன்று நாளாக இடவில்லை. தீனியிடம் வருகிறது, தலையைக் குனிகிறது, தின்னவில்லை. கழுத்தடியில் இரைப்பை புடைத்து, எலுமிச்சை அளவு. கல் மாதிரி. காலையில் வெறும் வயிற்றிலும் இறங்கவில்லை.

பாப்பா கேட்கிறாள்: "எல்லுக்கு என்ன?"

கால்நடை மருந்தகம் திறக்கிற நேரமும் என் ஷிஃப்ட் நேரமும் ஒன்று. நல்லெண்ணெய் ஐந்து சொட்டு ஊற்றித் தடவிவிட்டேன். பலனில்லை.

மிஷினுக்குச் செய்வது போலவே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். தீனி? நான்குக்கும் ஒன்றுதான். தண்ணீர்? அதுவும். வெயில்? இல்லை. ஆக, எனக்குத் தெரியாமல் உள்ளே போகிற பொருள் ஏதோ இருக்கிறது. கூண்டு ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை. நான் சோறு போடுவதில்லை. கவிதாவும் இல்லை.

செ. அக்கா.

ஞாயிறு, 24 ஜூன்

குழாயடி. தண்ணீர் வந்த நேரம், லைன் முழுக்கக் குடத்தோடு நின்றது. கேட்டேன்.

"அக்கா, கோழிக்குச் சோறு போடறீங்களா?"

"ஒரு வாய் போடுதேன். என்ன தம்பி?"

"அதுதானுங்க காரணம். புளிச்ச சோறு இரைப்பையில போய்க் களி மாதிரி அடைச்சிருச்சு. தெரியாத வேலையைச் செய்யாதீங்க. கோழி செத்தா யாரு பொறுப்பு?"

குடம் நிரம்பி வழிந்தது, அதை யாரும் நகர்த்தவில்லை. செ. அக்கா என்னைப் பார்த்தார். "புளிச்ச சோறு இல்ல, பாப்பாக்கு வடிச்ச சோறு" என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சொன்னதோடு விட்டால் மறந்துபோகும் என்று அட்டையில் மார்க்கரால் எழுதிக் கூண்டில் கட்டினேன்:

கோழிக்குச் சோறு போடக் கூடாது.
வெளியாள் தீனி கொடுக்கக் கூடாது.

கவிதா படித்துவிட்டு, "வெளியாளுன்னா யாருங்க? நம்ம புள்ளையப் பன்னெண்டு மணி நேரம் வெச்சிருக்கறவங்களா?" என்றாள். நான் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை, 'ங்க' போட்டுத்தான் சொன்னேன் என்றேன்.

"ங்க போட்டுக் குத்துனா வலிக்காதுங்களா?"

பிறகு தட்டு கழுவிக்கொண்டே, "உங்க வாய்க்கு ஒரு ஸ்டாப் மோஷன் மாட்டோணும்" என்றாள். நூல் அறுந்தால் மிஷினைத் தானே நிறுத்துகிற சாமான் அது. மெக்கானிக் பெண்டாட்டி, வார்த்தை சரியாகத்தான் வருகிறது.

செவ்வாய், 26 ஜூன்

பாப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. முட்டையும் இல்லை, சோறும் இல்லை. பால் மட்டும்.

செ. அக்கா வழக்கம்போல் வந்து வாங்கிக்கொண்டு போகிறார். முகம் கோணவில்லை. பாப்பாவிடம் பேசுகிறார், என்னிடம் இல்லை. கூண்டுப் பக்கம் வருவதில்லை. இரவு தூக்குப் பாத்திரம் அப்படியே திரும்புகிறது. வேகவைத்த முட்டை, ஒரு கடி.

இன்று கவிதா சொன்னாள். அவளுக்கு முன்பே தெரியுமாம்.

"அக்கா எப்படி ஊட்டுவாங்க தெரியுங்களா? கூண்டுகிட்ட உக்கார வெச்சுக்குவாங்க. எல்லுக்கு ஒரு பருக்கை, உனக்கு ஒரு வாய். எல்லு தின்னுருச்சு பாரு, இப்ப நீயி. அப்படித்தான் அவ தின்னா. முட்டை, சோறு எல்லாமே. நீங்க போர்டு எழுதி மாட்டிட்டீங்க."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேட்டீங்களா?"

முட்டை எட்டு சேர்ந்திருக்கிறது. சாப்பிட ஆள் இல்லை. அஞ்சாம் தேதிக்கு ஒன்பது நாள்.

ஆனாலும் சோறு தவறுதான். காரணத்தை மாற்ற முடியாது. நாளை காலை இரைப்பையைக் கீறிப் பார்க்கப்போகிறேன். இப்படியே விட்டால் எப்படியும் செத்துவிடும்.

புதன், 27 ஜூன்

காலை 5.45. மேகம். காற்று குறைவு.

கீறுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. கவிதா போய் செ. அக்காவைக் கூப்பிட்டாள். வந்தார். "கோழிக்காகத்தான் வாரேன்" என்று என் காதில் விழும்படி கதவிடம் சொன்னார். ஊரில் இரண்டு முறை பார்த்திருக்கிறாராம். ஒன்று பிழைத்தது. ஐம்பது சதவீதம்.

அக்கா துண்டில் சுற்றி மடியில் பிடித்தார். இறகு பிடுங்கி, மருந்து போட்டுக் கழுவி, புது பிளேடால் நான் கீறினேன். முதலில் தோல், பிறகு இரைப்பை. இரண்டு விரல் நீளம். அதிகம் ரத்தம் இல்லை.

உள்ளே சோறு இல்லை.

நூல். பந்து மாதிரி. இழுக்க இழுக்க வந்தது. சிக்கிய இடத்தை அக்காவின் பிசிறுக் கத்தரியால் வெட்டி வெட்டி எடுத்தேன். தண்ணீர் மக்கில் போட்டதும் விரிந்தது. ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவினேன். கவிதா தைத்தாள். உள்தையல் தனி, வெளித்தையல் தனி. "இஞ்சுக்கு எத்தனை ஸ்டிச்சுங்க?" என்று கேட்டாள். பயத்தில் கேட்டதா, கேலியா, தெரியவில்லை. மஞ்சள் வைத்து மூடினோம். கோழி கண் திறந்திருந்தது.

அக்கா மக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இந்த வாரம் பிசிறு வெட்டுவது கறுப்பு டி-ஷர்ட். அவர் வாசல் முழுக்கக் கறுப்பு நூல் கிடக்கிறது.

"நான் வெட்டுன நூலா தம்பி?"

நான் ஓர் இழையை எடுத்து இரு விரலில் உருட்டிப் பார்த்தேன். தையல் நூலாக இருந்தால் வழுக்கும், இரட்டை முறுக்கு, விரல் நீளத்துக்கு மேல் இருக்காது. இது ஒற்றை இழை. பஞ்சு. முறுக்கு பிரிந்தது. முழ நீளம். துடைத்தால் கறுப்பு இல்லை, கருஞ்சாம்பல் மெலாஞ்ச், இரண்டு நிறப் பஞ்சு கலந்து நூற்றது. இருபது நாளாக ஏழாம் மிஷினில் ஓடுகிற நூல். நான் கோணியில் கட்டிக் கொண்டுவந்து, முட்டைப் பெட்டியில் நானே பரப்பியது.

அப்போது மணி 7.20. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சொல்லவில்லை.

வியாழன், 28 ஜூன்

எல் உயிரோடு இருக்கிறது. தண்ணீர் குடித்தது. சர்க்கரைத் தண்ணீர், பிறகு நொய்க் கஞ்சி இரண்டு ஸ்பூன். தையல் கசியவில்லை. கவிதா நல்ல டெய்லர்.

பெட்டியிலிருந்த நூல் வேஸ்ட்டை அள்ளி வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். காங்கேயம் அரிசி மில்லிலிருந்து ஒரு மூட்டை உமி வாங்கி நிரப்பினேன். ஏன் மாற்றுகிறீர்கள் என்று கவிதா கேட்டாள். ஈரமாகிவிட்டது என்றேன்.

மஞ்சள் குழைத்தாள்.

பாப்பா: மூன்று வாய் இட்லி. முட்டை இல்லை.

வெள்ளி, 29 ஜூன்

இன்றும் சொல்லவில்லை.

செ. அக்கா வாசலைப் பார்த்தேன். துடைத்து வைத்தது போல் இருக்கிறது. ஒரு நூல் இல்லை. பிசிறு பண்டல் கொண்டுவருகிற ஆளிடம், இனிமேல் தனக்கு வேண்டாம், வேறு வீட்டில் கொடு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். கவிதாவிடம் சொன்னது: "கோழி வயித்துக்குள்ள போனது பிள்ள வயித்துக்குள்ள போயிருந்தா என்ன செய்வேன்? பிள்ள இருக்குத வீட்ல அந்த நூலு வேணாம்."

அவருக்கு அதுதான் வேலை. சாயப்பட்டறை பாதி நாள் மூடிக்கிடக்கிறது.

கம்பெனியில் ஒரு பையனை, "ஊசி உடைச்சது நீதானே, ஒத்துக்க என்ன வெட்கம்?" என்று திட்டினேன். திட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சனி, 30 ஜூன்

எல் கொஞ்சம் கம்பு தின்றது.

இரவு பவர் கட், அரை மணி. இருட்டில் உட்கார்ந்திருந்தோம், பாப்பா மடியில். கவிதா சொன்னாள்:

"ஓவர்லாக்ல ஒம்பது வருசம் ஆச்சுங்க எனக்கு. தைக்கற நூல் எது, பனியன் நூல் எதுன்னு தெரியாதுங்களா?"

நான் பாப்பாவுக்கு விசிறினேன்.

"அன்னைக்கே பாத்துட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருக்கறேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் பார்ப்பேன். அப்பறம் நானே போய்ச் சொல்லிருவேன். ஆனா நான் சொன்னா நல்லாயிருக்காதுங்க."

கரண்டு வந்தது. ஃபேன் சுற்றியது. பாப்பா தூங்கியிருந்தாள். லேசாக இருக்கிறாள். தூக்கிப் படுக்க வைத்தபோது கைக்குத் தெரிந்தது, தராசு வேண்டியிருக்கவில்லை.

நான் உள்ளதை முகத்துக்கு நேரே சொல்கிறவன். இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர் தவறு. இன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

ஞாயிறு, 1 ஜூலை

தூறல். தண்ணீர் வந்தது.

குழாயடி. அதே ஆட்கள், அதே குடங்கள். தனியாக வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது. பழி போட்டது குழாயடியில். அதனால் இங்கேதான்.

"அக்கா. கோழி வயித்துல இருந்தது உங்க நூல் இல்ல. சோறும் இல்ல. நான் முட்டைப் பெட்டியில போட்ட நூல் வேஸ்ட். அன்னைக்குக் காலையிலேயே தெரியும். சொல்லாமப் போயிட்டேன். தப்பு என்னுதுங்க."

மூன்றாம் நம்பர் பையன் ஒருவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரஷ் வாயிலேயே நின்றது.

செ. அக்கா குடத்தை இறக்கிவைத்தார். முந்தானையில் கை துடைத்தார். அவசரமே இல்லை.

"நாலு நாளா என் வாசலக் கூட்டிக் கூட்டி இடுப்பு போச்சு" என்றார்.

"ஆமாங்க."

"பண்டல் வேணாம்னுட்டேன்."

"தெரியுங்க. நானே அந்த ஆளைப் போய்ப் பார்த்துச் சொல்லிடறேன்."

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க வேற ஒண்ணு செய்யணும்." கூண்டைக் கை காட்டினார். "அன்னைக்கு எழுதி மாட்டுனீகள்ல, ஊரு பாக்க. இதையும் எழுதி மாட்டுங்க. அதே மாதிரி பட்டை எழுத்துல."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

எழுதினேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல், கம்பெனியில் மிஷின் பழுதானால் ரிஜிஸ்டரில் நிரப்புகிற மாதிரியே எழுதினேன்:

பழுது: எல் கோழி, இரைப்பை அடைப்பு.
காரணம்: பெட்டியில் போட்ட நூல் வேஸ்ட்.
செய்த வேலை: நூல் எடுத்துத் தைத்தது. உமி மாற்றியது.
பொறுப்பு: இரண்டாம் நம்பர் வீடு, மெக்கானிக்.

பழைய அட்டையைக் கழற்றி இதைக் கட்டினேன். அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். "சோறு?" என்றார். கீழே சேர்த்தேன்: சோறு காரணம் அல்ல. மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ம்" என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மன்னித்தாரா என்று தெரியவில்லை. மதியம் வெளியே வந்து பார்த்தேன். கூண்டோரத்தில் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் பாப்பா. எல் கோழியை வெளியே விட்டிருந்தார். கழுத்தடியில் இறகு பிடுங்கிய இடத்தில் கவிதாவின் தையல், கோணலில்லாமல்.

"எல்லுக்கு ஒரு பருக்க. இந்தா தின்னுட்டாக. இப்ப யாரு?"

"நானு."

உள்ளே வந்துவிட்டேன். நின்று பார்த்தால் பாப்பா நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது.

செவ்வாய், 3 ஜூலை

காற்று மறுபடி. முட்டை 3: எஸ், எம், எக்ஸெல். எக்ஸெல்லுக்கு இது முதல் முட்டை. 36 கிராம். அவ்வளவு தின்றதற்கு இது.

அக்கா வாசலில் பண்டல் வந்திருக்கிறது. கறுப்பு முடிந்து இப்போது மஞ்சள். வெட்டுகிற நூலைப் போட ஒரு மூடி போட்ட டின் செய்துகொடுத்தேன், எண்ணெய் டின்னை வெட்டி. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சக்கரம் வைக்கலியா?"

அட்டை மழையில் கொஞ்சம் கரைந்திருக்கிறது. 'பொறுப்பு' வரி மட்டும் தெளிவாக இருக்கிறது. கழற்றட்டுமா என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவர் சொல்லும்வரை இருக்கட்டும்.

வியாழன், 5 ஜூலை

இரண்டு மணி நேரம் பர்மிஷன். அங்கன்வாடி. கவிதாவுக்கு அவசர ஆர்டர், வர முடியவில்லை. நான், பாப்பா, செ. அக்கா.

கிளம்பும்போது எல் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. இடுமா, சும்மாவா, தெரியவில்லை.

தராசில் பாப்பா காலை உதறினாள். முள் நிற்கவில்லை. அக்கா, "எல்லு பாக்குது, ஆடாத" என்றார். நின்றது. 9.8.

டீச்சர் புள்ளி வைத்தார். இன்னும் கோட்டுக்குக் கீழேதான். ஆனால் கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் இப்போது ஒரு விரல்கூடப் போகாது. வைத்துப் பார்த்தேன்.

"பரவால்லையே. என்ன குடுத்தீங்க?" என்றார் டீச்சர், பேனாவோடு.

"முட்டைங்க. வீட்டுக் கோழி முட்டை" என்றேன்.

பின்னாலிருந்து அக்கா, "சோத்தையும் சொல்லுங்க தம்பி" என்றார்.

சொன்னேன்.